இன்றைக்கு கேற்றில் நான்

வெள்ளி காலை, ஐந்தே முக்கால்.
பொயிலரைப் போட வந்தால்
அவவின் அறையில் ஏற்கெனவே வெளிச்சம்.
கிரிம்ஸ்பியில் கடற்பறவைகள் கூடக் கத்தத் தொடங்காத நேரம்.
தலைமையாசிரியை ஹெலன் ஓக்ராய்ட்
நேற்றுப் போட்ட அதே பச்சைக் கார்டிகனோடு
ஒரு கடிதத்தின் ஒன்பதாவது வரைவில் குனிந்திருந்தா.

'அன்பான பெற்றோருக்கு' என்று தொடங்கி
ஒரேயொரு சொல்லில் முட்டி நிற்கிறது.
'எங்களைப் பிரிந்தான்' – வெட்டு.
'நித்திரையானான்' – இரண்டு வெட்டு.
"சின்னதுகள் இரவில் படுக்கப் பயப்படுங்கள்" என்றா.
எங்கட பாஷையில் 'தவறிவிட்டான்' என்போம்.
நான் சொல்லவில்லை.
வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்த டெக்லனிடம்
என்ன தவறு?
கடைசியில் 'இறந்துவிட்டான்' என்று எழுதி
பென்சிலைக் கீழே போட்டுக் கையை உதறினா,
சுடுசட்டியைத் தொட்டவ போல.

வியாழன் மூன்று இருபதுக்கு
அந்தச் சத்தம் கேட்டபோது ஓடினவ.
கோட்டைக் கழற்றி அவனை மூடினா.
ஆம்புலன்ஸ் போனபிறகு எழும்பி வந்து
முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளையும்
பின்வாசலால் எண்ணி எண்ணி அனுப்பினா.
முந்நூற்றுப் பதினொன்று.
மறுபடி முதலிலிருந்து எண்ணினா.

கவுன்சிலிலிருந்து உதவி வந்தது:
நாற்பத்து மூன்று பக்கம், மின்னஞ்சலில்.
உளவளத் துணையாளர் செவ்வாய்க்கிழமை வருவாராம்.
'உங்கள் நலன் எங்களுக்கு முக்கியம்' என்ற இலக்கத்துக்கு எடுத்தா.
ஸ்பீக்கரில் பியானோ வாசித்தது.
வாசித்துக்கொண்டே இருக்க
நாலாம் வகுப்பு மிஸ் தோர்ன்டைக் வந்து அழுதா,
சமையலறை ஷீலா வந்து அழுதா,
டெக்லனின் மாமன் வந்து கத்தினான்,
பிறகு அவனும் அழுதான்.
ரிஷ்யூப் பெட்டி ஒன்று மேசையில் இருந்தது,
வருகிறவர்களின் பக்கம்.
அவவுக்கு எட்டாது.

லொலிபொப் பலகையோடு கடவையில் நின்ற
மிசிஸ் கிரப்பின் வேலையைப்
போன வருடம் காசில்லை என்று நிறுத்தினார்கள்.
வேண்டாம் என்று இவ மூன்று கடிதம் எழுதினவ.
பிரதிகள் இழுப்பறையில் கிடக்கு.
எனக்குத் தெரியும், பூட்டைத் திருத்தினது நான்.
வேலிக்கு வெளியே கமெராக்காரர் கேட்டபோது
அவ அதைத் திறக்கவில்லை.
"இன்று அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும்" என்றா.
பின்னேரமே அவவைத் திட்டி எழுதினார்கள்.

தலைமை என்றால் தலை என்று நினைத்திருந்தேன்.
கழுத்து அது.

திங்கள், எட்டு இருபது. அவவைக் காணவில்லை.
ஜிம் சாமான் அறையில், நீலப் பாய்களுக்கு இடையில்,
நாலு வயதுக்காரரின் கதிரையில் குந்தியிருந்தா.
கண் காய்ந்திருந்தது.
"என்னால் அந்தக் கேற்றுக்கு…"
வசனம் அதோடு நின்றது.
பதினாறு வருடம், மழையோ பனியோ,
அந்தக் கேற்றில் நின்று
ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி உள்ளே விட்டவ.

சுமைதாங்கி என்ற சொல் வாய்வரை வந்தது.
இங்கிலீசில் அதற்கு என்னிடம் சொல் இல்லை.
அந்தக் கல் யாருடைய சுமையையும் கொண்டுபோய்க் கொடுக்காது.
தோள் உயரத்துக்கு நிற்கும், அவ்வளவுதான்,
இறக்கிவைக்க,
பிறகு யாரையும் கூப்பிடாமல் தானே ஏற்றிக்கொள்ள.
எட்டு இருபதில் இதை எங்கே விளக்குவது!

கையை நீட்டினேன்.
திறப்புக் கோர்வையைத் தந்தா.
கொஞ்சம் யோசித்து, மஞ்சள் ஜக்கெற்றையும்.
"பத்து நிமிடம்" என்றா.
"இருபது" என்றேன்.

கேற்றைத் திறந்தேன்.
ஜக்கெற் எனக்குக் கை கட்டை.
எல்லாப் பேரும் தெரியாது;
தெரிந்ததைச் சொன்னேன், மிச்சத்துக்குத் தலையாட்டினேன்.
ஒரு தகப்பன் என்னிடம் ஏதோ கேட்க வந்து
கேட்காமல் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

முன்பல் விழுந்த ஒருத்தி நின்றாள்:
"மிசிஸ் ஓக்ராய்ட் எங்கே?"

"இருக்கிறா" என்றேன், தமிழில்.

விளங்கினவள் போல உள்ளே ஓடினாள்.